தயாரிப்பு எப்போது போதும்? சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். மூன்று நான்கு வருடமாக ஒரு தொழிலைத் தொடங்கப் போகிறவர். கோவை கொடிசியாவில் நடக்கும் வேளாண் கண்காட்சிக்குத் தவறாமல் போய் வருவார். மெஷின் கொட்டேஷன்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி, கோபியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இன்னொன்று என்று சான்றிதழ்களும் சேர்ந்திருக்கும். அந்தத் தொழிலை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரைவிட இவருக்கு விவரம் அதிகம். ஆனால் இன்று வரை ஒரு கிலோ சரக்கு விற்றதில்லை.

இவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். அலைகிறார், காசு செலவழிக்கிறார், ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்த்துக் குறிப்பெடுக்கிறார். தயாரிப்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு மரச்செக்கு எண்ணெய்த் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். சிவகிரியில் எள், சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலை, காங்கேயத்தைச் சுற்றிக் கொப்பரைக் களங்கள் என்று மூலப்பொருள் எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இதைத் தொடங்க நினைப்பவர்களும் நிறையப் பேர். நாட்டுக்கோழியோ, பனியன் ஜாப் ஒர்க்கோ (அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது), மசாலாப் பொடியோ, எதுவானாலும் படிகள் இதேதான்.

முதலில் ஈமுவை நினைத்துக்கொள்ளுங்கள்

"யோசிக்காதே, இறங்கிவிடு" என்று சொல்லும் கட்டுரை இது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2012இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு பண்ணைத் தொழில் கவிழ்ந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நிலத்தை அடமானம் வைத்தும் நகையை விற்றும் பணம் கட்டியவர்கள் உண்டு.

அவர்கள் தயாராகாமல் இறங்கியவர்கள் இல்லை. மாதிரிப் பண்ணை பார்த்தார்கள், கம்பி வேலி போட்டார்கள், தீவனக் கணக்கு படித்தார்கள். ஆனால் "இந்தக் கறியை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்?" என்ற ஒரு கேள்விக்கு விடை தேடவில்லை. ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைகளைச் சுற்றி வந்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். தயாரிப்பை நாள் கணக்கில் அளக்கக் கூடாது, கேள்விக் கணக்கில் அளக்க வேண்டும். விசாரித்தும் கணக்குப் போட்டும் தீர்க்கக்கூடிய கேள்விகள் எல்லாம் தீர்ந்து, செய்து பார்த்தால் மட்டுமே விடை தெரியும் என்ற கேள்விகள் மட்டும் மிஞ்சி நிற்கும்போது தயாரிப்பு முடிந்துவிட்டது. அது பத்து நாளிலும் முடியலாம், பத்து மாதமும் ஆகலாம்.

படி 1: கேள்விகளை நோட்டில் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மனதில் ஓடும் கேள்வி அத்தனையையும் எழுதுங்கள். வாகை மரச் செக்கா, இரும்புச் செக்கா? கடலை எங்கே வாங்குவது? லைசென்ஸ் என்ன வேண்டும்? பெயர் என்ன வைப்பது? பாட்டிலா, டின்னா? லிட்டர் என்ன விலைக்குப் போகும்? கடைக்காரர் எத்தனை நாள் கடன் கேட்பார்?

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இன்னொன்றை எழுதுங்கள்: "இதற்கு விடை கிடைத்தால் என் முடிவு மாறுமா?" மாறாது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம். கடைக்கு என்ன பெயர் என்பது அப்படி ஒரு கேள்வி. எந்தப் பெயர் வைத்தாலும் நீங்கள் செக்கு ஓட்டத்தான் போகிறீர்கள். லோகோவின் நிறமும் அப்படித்தான். பல பேருக்கு இந்த ஒரு வேலையிலேயே நோட்டில் பாதிக் கேள்வி காலியாகிவிடும். மனசு ஏன் இந்த மாதிரிக் கேள்விகளைப் பிடித்துக்கொள்கிறது என்றால், இவற்றில் தோற்க வழியில்லை. பெயர் யோசித்து யாரும் நஷ்டப்பட்டதில்லை.

படி 2: மிச்சக் கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்

கேட்டால் தெரிவது, கணக்குப் போட்டால் தெரிவது, செய்தால்தான் தெரிவது. இந்த மூன்றில் ஒவ்வொரு கேள்வியும் எதில் சேரும் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

கேட்டால் தெரிவதற்கு ஒரு நாள் போதும், சிலவற்றுக்கு ஒரு போன் போதும். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, ஆகவே அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். லேபிளில் நிகர அளவு, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, முகவரி, நுகர்வோர் தொடர்புக்கான விவரம் எல்லாம் வர வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் இடைத்தரகர். மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், எதையும் பதிவு செய்வதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். சில திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான்.

இன்னொன்று, தோட்டம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது: விவசாயத்துக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் செக்கு ஓட்டக் கூடாது. தனி இணைப்பு வாங்க வேண்டும். "மோட்டார் ரூம் இருக்குது, த்ரீ பேஸ் இருக்குது, அங்கயே மாட்டிக்கலாம்" என்று திட்டம் போட்டவர்களுக்கு இங்கேதான் கணக்கு மாறும்.

கணக்குப் போட்டால் தெரிவதை நான்காம் படியில் பார்ப்போம். செய்தால்தான் தெரிவது மூன்றாவது வகை. என் எண்ணெயை ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் வாங்குவாரா? தினம் காலையில் எழுந்து இந்த வேலையைச் செய்ய எனக்குப் பிடிக்குமா? கடன் கேட்கும் மாமாவிடம் "காசு குடுங்க மாமா" என்று என்னால் சொல்ல முடியுமா? இதற்கெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் விடை இல்லை. இன்னும் பத்துப் பேரை விசாரித்தாலும் பத்து விதமான பதில்தான் வரும், ஏனென்றால் அவர்கள் சொல்வது அவர்கள் எண்ணெயையும் அவர்கள் மாமாவையும் பற்றி.

படி 3: திரும்ப முடியாத வேலைகளைத் தனியாக வையுங்கள்

தொழில் தொடங்குவது என்று சொன்னாலே ஷெட், மெஷின், கடன், வேலையை விடுவது எல்லாம் ஒரே மூட்டையாக மனதில் வந்து நிற்கிறது. பயம் வருவது அதனால்தான். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு ஜாதி வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே மாற்றிக்கொள்ளக்கூடியது. விலை, பாட்டில் அளவு, யாரிடம் கடலை வாங்குவது, எந்தத் தெருவில் விற்பது. இவற்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் யோசிப்பது வீண்.

இன்னொன்று, இறங்கினால் ஏற முடியாதது. தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைப்பது, கட்டடம் எழுப்புவது, வேலையை ராஜினாமா செய்வது, மொத்தப் பணத்தையும் ஒரே கம்பெனியிடம் கொடுப்பது. இவற்றுக்கு எவ்வளவு யோசித்தாலும் தகும். ஈமுவில் போனவர்கள் எல்லாம் இந்த வேலையைத்தான் முதல் நாளில் செய்தார்கள்.

முதல் ஜாதி வேலைகளை வைத்து மட்டும் தொழிலைத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். நம் ஊரிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1920இல் போக்குவரத்துத் தொழிலில் இறங்கியபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். அதற்கும் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டு இன்ஜினைப் படித்திருந்தார். வண்டியைப் பற்றிய படிப்பு முன்பே நடந்தது. பயணிகளைப் பற்றிய படிப்பு பஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் நடக்க முடியும்.

படி 4: கணக்கை ஒரு சாயங்காலத்தில் முடியுங்கள்

கணக்கு என்றதும் சிலர் கம்ப்யூட்டரில் ஐந்து வருடத்துக்கு லாப நஷ்டம் போட்டு வைத்திருப்பார்கள். ஐந்து வருடத்துக் கணக்கில் உள்ள எண்கள் எல்லாம் ஊகம். நூறு கிலோ பருப்புக்குக் கணக்குப் போடுங்கள், போதும்.

நல்ல நிலக்கடலைப் பருப்பு நூறு கிலோவை மரச்செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 40 கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். மிச்சத்தில் பெரும்பகுதி புண்ணாக்கு. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பருப்பை வாங்குவது கிலோவில், எண்ணெயை விற்பது லிட்டரில். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை 910 கிராம் அளவில்தான் இருக்கும். ஆகவே 40 கிலோ என்பது 44 லிட்டர் பக்கம் வரும். இந்த நான்கு லிட்டரைச் சேர்த்தால் ஒரு விலை, விட்டால் ஒரு விலை. அன்றைய ஏல விலையைப் போட்டு, ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், வண்டிச் செலவு சேர்த்து, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தால் லிட்டருக்கு அடக்க விலை வந்துவிடும். புண்ணாக்குக் காசு இல்லாமல் இந்தத் தொழிலில் கணக்கு நிற்காது. பால்மாடு வைத்திருக்கும் இரண்டு தோட்டத்துக்காரர்களிடம் முதலிலேயே பேசி வையுங்கள்.

உங்கள் கூலியையும் எழுதுங்கள். வீட்டு ஆள்தானே, அம்மாதானே லேபிள் ஒட்டுகிறார்கள் என்று விடக் கூடாது. அவர்களுக்கும் நாள் கூலி போட்டு, அப்புறம் லாபம் நிற்கிறதா பாருங்கள்.

நிற்கவில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிடலாம். அது தோல்வி கிடையாது; ஒரு சாயங்காலச் செலவில் ஒரு ஷெட்டுக் காசு மிச்சம்.

படி 5: சிறிய அளவில் நிஜமாகவே செய்யுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

செக்கு வாங்க வேண்டாம். நம் பக்கத்தில் கூலிக்கு ஆட்டித் தரும் செக்குகள் பல ஊர்களில் இருக்கின்றன. இருபத்தைந்து கிலோ பருப்பு வாங்குங்கள். வீட்டில் முறத்தில் போட்டுச் சொத்தை, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் நஞ்சு இருக்கும், வாசமும் கெடும். ஒரு கைப்பிடி கலந்தாலும் கூடாது. பொறுக்கியதை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து கிலோவில் கழிவு எவ்வளவு போனது என்று அப்போதுதான் தெரியும். எந்தக் கொட்டேஷனிலும் அது இருக்காது.

நன்றாக வெயிலில் காய வைத்து, செக்குக்காரரிடம் முன்பே சொல்லிவைத்துப் போங்கள். உங்களுக்கு முன்னால் என்ன ஆட்டினார்கள் என்று கேளுங்கள். எள் ஆட்டிய செக்கில் துடைக்காமல் கடலை போட்டால் முதல் எண்ணெயில் எள் வாசம் வரும். ஆட்டி முடியும் வரை கூடவே நில்லுங்கள். பருப்பு எப்போது மாவாகிறது, எப்போது உலக்கையைச் சுற்றி எண்ணெய் கசிகிறது, புண்ணாக்கு எந்த நேரத்தில் எடுக்கிறார் என்று பாருங்கள். வீடியோவில் இது நான்கு நிமிடம். நேரில் எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் உங்கள் இடுப்பு என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தேவையான விவரம்தான்.

எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, சில நாள் தெளிய விடுங்கள். அடியில் கசடு இறங்கும். மேலாக எடுத்து அடைத்து மறுபடியும் அளந்து எழுதுங்கள். நீங்கள் கணக்கில் போட்ட லிட்டருக்கும் கையில் கிடைத்த லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் முதல் சொந்த அறிவு. இத்தனை வருடமாக ஃபைலில் இருந்தது அடுத்தவர் அறிவு.

பதிவை வாங்கி வைத்துக்கொண்டு, இப்போது விற்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் விற்காதீர்கள். அத்தையும் சித்தியும் "நல்லா இருக்குது கண்ணு" என்றுதான் சொல்வார்கள். சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? உங்களை முன்பின் தெரியாத பத்து வீட்டுக்கு, முழு விலை வாங்கிக்கொண்டு கொடுங்கள். இலவச சாம்பிள் வேண்டாம். காசு கொடுத்து வாங்கியவர்தான் குறை சொல்வார், அந்தக் குறைதான் உங்களுக்கு வேண்டும்.

பிறகு காத்திருங்கள். பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாட்டில் தீர்ந்ததும் எத்தனை பேர் தாங்களாகவே போன் செய்து இரண்டாவது பாட்டில் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பத்தில் நான்கைந்து பேர் கேட்டால் அடுத்த சுற்றை இன்னும் பெரிதாகச் செய்யலாம். ஒருவரும் கேட்கவில்லை என்றால், வாங்கியவர்களிடம் போய் நின்று காரணம் கேளுங்கள். விலையாக இருக்கலாம், வாசமாக இருக்கலாம், பொரித்தால் நுரைக்கிறது என்றிருக்கலாம்.

மற்றத் தொழில்களுக்கும் இதே மாதிரிச் சிறிய சுற்று இருக்கிறது. நாட்டுக்கோழி என்றால் ஷெட் போடாமல் ஐம்பது குஞ்சு. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைத் தேதி தவறாமல் உங்கள் கையாலேயே கொடுத்து, விற்பனை எடை வரும் வரை தீவனச் செலவை எழுதுங்கள். பனியன் என்றால் பவர் டேபிள் (தையல் மெஷின்கள் பொருத்திய மேசை) வாங்கும் முன், வேறொருவர் யூனிட்டில் ஒரு சிறு ஆர்டரைத் தைத்து வாங்கி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை கூடவே நில்லுங்கள். பணம் எத்தனை நாள் கழித்துக் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜாப் ஒர்க்கில் முதலை முடக்கிப் போடுவது அந்த நாட்கள்தான்.

படி 6: அடையாளங்கள்

இந்தச் சிறிய சுற்றுக்குக் கூட எப்போது இறங்குவது என்று தயங்குபவர்கள் இந்த அடையாளங்களைப் பார்க்கலாம்.

மூன்றாவது ஆளை விசாரித்தபோது முதல் இருவர் சொன்னதையே அவரும் சொன்னார். நோட்டில் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. அப்படியென்றால் விசாரணை முடிந்துவிட்டது. பயிற்சி வகுப்பில் அடுத்து என்ன சொல்லப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரிகிறது. அடுத்த கண்காட்சி முடியட்டும், அடுத்த மாடல் மெஷின் வரட்டும் என்று தள்ளிப் போடுகிறீர்கள், ஆனால் அதில் எந்தக் கேள்விக்கு விடை வரப் போகிறது என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. நீங்கள் விசாரித்த காலத்துக் கடலை விலை மாறி, மறுபடியும் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. இதில் ஏதாவது இரண்டு உங்களுக்குப் பொருந்தினாலே இந்த மாதம் இருபத்தைந்து கிலோ வாங்கிவிடுங்கள்.

எதிர் அடையாளங்களும் உண்டு. வாங்குபவர் யார் என்று சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு ஆளின் வாக்குறுதியை நம்பித்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. போடும் பணம் போனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்றுவிடும். மானியம் கிடைக்கிறது என்பதுதான் தொழிலைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம். இதில் ஒன்று இருந்தாலும் நில்லுங்கள். பழைய கேள்விக்குப் போய் விடை தேடுங்கள்.

படி 7: தேதியும் தொகையும்

சில வேலைகளுக்குத் தேதியை நாம் வைப்பதில்லை. பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் 1,03,500 ஏக்கருக்குப் பாசனம். மதகில் தண்ணீர் வந்த பிறகு விதைநெல் தேடுபவர் பின்தங்கித்தான் போவார். எண்ணெய்த் தொழிலுக்கு அப்படிப்பட்ட தேதி தீபாவளி. பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் வீடுகளைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆவணியில் உங்கள் சிறிய சுற்று முடிந்திருக்க வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணி வந்தால் தொடங்கும் வாரம் தானாகக் கிடைக்கும்.

ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, கோயில் நோம்பி சாட்டியிருக்கிறது, சாமியிடம் பூப்போட்டுக் கேட்க வேண்டும் என்று வருடத்தில் பாதி போய்விடுகிறது. எனக்கு அந்த நம்பிக்கைகள்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆடியில் கல்யாணம் வைக்காத நம் தாத்தாக்கள்தான் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றும் சொன்னார்கள். மேட்டாங்காட்டு விவசாயி சித்திரையிலேயே உழுது, எரு கொட்டி வைத்திருப்பார். மழை பெய்த மறுநாள் காட்டுக்குப் போய், ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் வைத்துப் பிடிப்பார். கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு நாள் பொறுப்பார். பிடிக்கு நிற்காமல் உதிர்ந்தால் அடுத்த மழைக்கு விடுவார். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் அதுதான் பதம். அன்றைக்கே ஏர் பூட்டிவிடுவார். அடுத்த மழை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் விதைப்பேன் என்று இருந்தால் ஈரம் காய்ந்துவிடும்.

நல்ல நாள் பார்க்கும் பழக்கத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். நாள் குறித்துவிட்டால் நம் ஆட்கள் தள்ளிப் போட மாட்டார்கள். காலண்டரில் வரும் முதல் முகூர்த்த நாளை எடுத்துக் குறித்து, அன்றைக்குப் பருப்பு வாங்க முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

தொகையையும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முழுவதும் போனாலும் வீட்டு மளிகைக் கணக்கு மாறாத தொகையாக இருக்க வேண்டும். முதல் சுற்றுக்குச் சீட்டு எடுத்த பணமும் நகைக்கடனும் வேண்டாம். இந்தத் தொகை தீர்ந்தால் நிறுத்துவேன், இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்று போக மாட்டேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். துணிச்சல் வருவதே இந்த வரி இருப்பதால்தான்.

படி 8: வீட்டில் பேசுவது

வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள் என்று பல இளைஞர்கள் சொல்கிறார்கள். பல நேரம் அவர்கள் தடுப்பதில்லை, சரியான கேள்வியைக் கேட்கிறார்கள். குன்னத்தூர் பக்கம் ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது:

"அப்பா, வேலைய உட்டுட்டு செக்கு போடலாம்னு இருக்கறனுங்க."

"போடு சாமி. எண்ணெய ஆரு வாங்குவாங்க?"

"நல்ல டிமாண்டு இருக்குதாமுங்க."

"இருக்குதாம்ங்கறது வேற. ஆருன்னு நாலு பேரு பேரச் சொல்லு பாக்கலாம்."

அந்தப் பையனால் சொல்ல முடியவில்லை. அவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்கு ஆட்டி விற்றான். ஒரு மாதம் கழித்து வாங்கியவர்களின் பெயர்களை எழுதி அப்பாவிடம் நீட்டினான். அதற்குப் பிறகு மோட்டார் ரூமுக்குப் பக்கத்து இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தது அந்த அப்பாதான்.

வீட்டில் பேசும்போது திட்டத்தை விவரிக்க வேண்டாம். எவ்வளவு பணம், எந்தத் தேதி, எப்போது நிறுத்துவேன் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ நோட்டையே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. சொல்லிச் சொல்லியே செய்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடும், அப்புறம் கை ஓடாது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் குரூப் 4க்குத் தயாராகிறவர்களும் இருப்பீர்கள். கோவையிலும் ஈரோட்டிலும் நூலகங்களில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும். உங்களுக்கும் இதே அளவுதான். பாடம் முழுக்க முடித்துவிட்டு மாதிரித் தேர்வு எழுதலாம் என்று வைக்காதீர்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். முதல் மாதத்திலேயே பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அதை முதலில் பாருங்கள். எந்தப் பாடத்தில் தவறு அதிகமோ அதுதான் அடுத்த மாதத்துப் படிப்பு. புதுப் புத்தகம் வாங்குவதை மூன்று மாதிரித் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: தொடங்கிய பிறகு

தொடங்கியதும் தயாரிப்பு நின்றுவிடக் கூடாது, அதன் இடம் மாறுகிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் நோட்டோடு உட்காருங்கள். அந்த வாரம் வந்த குறைகளை எழுதி, அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலையையும் பாட்டிலையும் கடலை வாங்கும் இடத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் விற்பனை ஏறியது, எதனால் இறங்கியது என்று பிடிபடாது.

பெரிய முடிவுகளை நாள் பார்த்து எடுக்காமல் அளவு பார்த்து எடுங்கள். நூறு பாட்டில் விற்ற பிறகு ஒருமுறை, ஐந்நூறு பாட்டில் விற்ற பிறகு ஒருமுறை. கூலிக்கு ஆட்டக் கொடுக்கும் காசு, சொந்தச் செக்குக்கு வாங்கும் கடனின் மாதத் தவணையையும் மின்கட்டணத்தையும் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து போனால் செக்கு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அந்தக் கொட்டேஷன் ஃபைலை அப்போது எடுங்கள். வேலையை விடுவது அதற்கும் அப்புறம்.

எழுதி வைத்த தொகை தீர்ந்து, இரண்டாவது பாட்டில் கேட்டு யாரும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மிச்ச எண்ணெய் வீட்டுச் சமையலுக்கு ஆகும். பாட்டில்களைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் அந்தக் காசும் வரும். நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். கடலையில் நிற்காத கணக்கு எள்ளிலோ கொப்பரையிலோ நிற்கிறதா என்று பார்க்க, நான்காம் படியிலிருந்து மறுபடியும் ஒரு சாயங்காலம் போதும். கழிவு எவ்வளவு, கசடு எவ்வளவு, யார் காசை உடனே கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும்.